காட்சியும் காவலும்

உலகப் படத்தை விரித்து வைத்து நோக்குவோர் கண்ணுக்கு, எல்லாவற்றினும் பெரிதாய்த் தோன்றுவது பசிபிக் மாகடலே. உலகிலுள்ள நிலப்பரப்பு முழுவதையும் ஒருங்கு திரட்டி அக்கடலில் இட்டாலும், இன்னும் இடம் எஞ்சி நிற்கும். 1520ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள நீரிணையைக் கடந்து அக்கடலுள் புகுந்தார் மகெல்லன் என்னும் மாலுமி. அலையடங்கிக் கிடந்த அதன் தோற்றத்தைக் கண்டு 'அமைதிக் கடல்' என்று அதற்குப் பெயரிட்டார். அப்பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில், இரவு வானத்து மீன்களைப் போல ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. தாகித்தி, மோரேயா, பிஜி, சமோவா, ஹவாய், பலாவு முதலியன அவற்றுள் சில.

இத்தீவுகளின் எழிலைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். கண்டு மகிழ்வதோடு அவர்கள் அமைவதில்லை; கண்டதைப் படமாக்கிக் கொண்டு வரவும் விழைகின்றனர். முன்னாளில் நிழற்படக் கருவி செல்வர் சிலரிடமே இருந்தது. இந்நாளிலோ கைப்பேசி உடையோர் அனைவரும் படம் பிடிப்போர் ஆயினர். ஆதலின், தீவில் கால் வைத்ததும் பயணிகள் முதலில் கேட்கும் வினா, "எவ்விடத்தில் நின்றால் நல்ல படம் கிட்டும்?" என்பதாகும். அவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. ஆயினும், அவ்விடம் நாளையும் அதே எழிலோடு நிற்குமா என்னும் மற்றொரு வினாவும் அதனோடு உடன்பிறந்து நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பசிபிக் தீவுகளை இருவகையாகப் பகுத்துக் கூறலாம். கடலடியிலிருந்து எரிமலை பொங்கி எழுந்து, நீர்மட்டத்திற்கு மேல் தலை தூக்கி நிற்பவை உயர்ந்த தீவுகள். அவற்றில் வானளாவிய சிகரங்களும், பசுமை போர்த்த பள்ளத்தாக்குகளும், வெள்ளி இழைகளைப் போல் வீழும் அருவிகளும் உண்டு. மற்றொரு வகையின, பவளப் பூச்சிகள் கட்டிய திட்டுகளின் மேல் மணல் படிந்து உருவான தாழ்ந்த தீவுகள். துவாலு நாட்டின் தீவுகள் அவ்வகையைச் சார்ந்தவை. அவற்றின் நிலம் எங்கும் கடல்மட்டத்திற்கு மேல் ஐந்து மீட்டர்கூட உயர்வதில்லை. உயர்ந்த தீவின் அழகு மலையில் இருக்கிறது. தாழ்ந்த தீவின் அழகு நீரில் இருக்கிறது. மலையும் நீரும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் தீவுகளே படம் பிடிப்போர் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றன.

அத்தகைய தீவுகளுள் ஒன்று மோரேயா. அதன் அழகை அளவிட்டுக் கூறியவருள் அறிஞர் டார்வினும் ஒருவர். 1835ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 'பீகிள்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்த அவர் தாகித்தித் தீவில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஒருநாள் அவர் அத்தீவின் மலைச்சரிவில் ஏறி நின்று மேற்கே நோக்கினார். ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு அப்பால், கடலில் மிதப்பது போல மோரேயாத் தீவு தோன்றிற்று. தீவைச் சுற்றிலும் வெண்ணிற அலைகள் உடையும் வளையம் ஒன்று. அவ்வளையத்தின் உட்புறத்தில் அசைவற்றுக் கிடக்கும் காயல். காயலின் நடுவே மலை. அக்காட்சி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய சித்திரம் ஒன்றை அவருக்கு நினைவூட்டியது. அலைவளையம் சட்டமாகவும், காயல் சித்திரத்தைச் சூழ்ந்த வெற்றுத்தாளாகவும், மலை நடுவிலுள்ள ஓவியமாகவும் அவர் நெஞ்சில் பதிந்தன.

நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, கருவி ஏதுமின்றி, எவ்விடத்தில் நின்று எதனை எவ்வாறு காண வேண்டும் என்பதை டார்வின் கண்டுகொண்டார். எனினும் அவர் அழகை வியந்ததோடு நின்றுவிடவில்லை. அச்சட்டம் தீவைச் சுற்றி எவ்வாறு அமைந்தது என்று ஆராய்ந்தார். எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலில் அமிழ்கிறது. அதன் கரையில் தோன்றிய பவளம் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்கிறது. மலை முற்றிலும் மறைந்த பின்னர்ப் பவள வளையம் மட்டும் எஞ்சி நிற்கிறது. இக்கொள்கையை 1842ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்து, 1952ஆம் ஆண்டில், எனிவெட்டாக் என்னும் பவளத் தீவில் ஆழ்துளை இட்டனர். 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட பவளச் சுண்ணாம்பைத் துளைத்துச் சென்ற கருவி, முடிவில் எரிமலைப் பாறையைத் தொட்டது. டார்வின் கூற்று மெய்யாயிற்று. அழகைக் கண்ட கண், அதன் காரணத்தையும் காண முயன்றதால் விளைந்த பயன் அது.

டார்வின் தொலைவிலிருந்து நோக்கிய மோரேயாவை, இன்று பயணிகள் அதன் உள்ளே சென்று உயரத்திலிருந்து நோக்குகின்றனர். தீவின் நடுவில் 'பெல்வெடேர்' என்னும் காட்சிமேடு ஒன்று உள்ளது. அங்கே நின்றால் வடதிசையில் குக் குடாவும் ஓப்புனோஹுக் குடாவும் இரு நீலக் கைகளைப் போல நிலத்தினுள் நீண்டு கிடப்பதைக் காணலாம். அவ்விரு கைகளுக்கும் இடையே 899 மீட்டர் உயரமுள்ள ரோட்டுயி மலை தனித்து நிமிர்ந்து நிற்கிறது. ஒரே பார்வையில் இரு குடாக்களும் ஒரு மலையும் அடங்கும் இக்காட்சி, காண்போரை வாயடைத்து நிற்கச் செய்கிறது.

ஆயின், எந்த வேளையிலும் அங்கே நல்ல படம் கிட்டும் என்று எண்ணுதல் தவறாகும். மோரேயா நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நண்பகற் கதிரவன் வடபால் சாய்ந்து நிற்கும். வடக்கு நோக்கி நிற்கும் பயணிக்கு அப்போது வெயில் எதிர்முகமாக வந்து கண்ணைக் கூசச் செய்யும். மலை வெறும் கரிய நிழலாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் ஒளியே மலையின் மடிப்பையும் முகட்டையும் விளக்கிக் காட்டும். மேலும், பகல் ஏற ஏறக் கடற்காற்று மலைமேல் முகில்களைக் கொண்டு சேர்க்கும். ஆதலின் வைகறையில் எழுந்து செல்பவரே பெரும்பாலும் பயன் பெறுவர்.

அம்மேட்டிற்குச் செல்லும் வழியில், மரங்களின் நிழலில் பழங்காலக் கல்மேடைகள் சில உள்ளன. அவை தீவு மக்களின் முன்னோர் வழிபாடு செய்த இடங்கள். 'மராயி' என்று அவர்கள் அவற்றைப் போற்றுகின்றனர். அருகிலுள்ள மோவாபுட்டா மலையின் உச்சியில் துளை ஒன்று காணப்படுகிறது. ரோட்டுயி மலையைத் திருடிச் செல்ல முயன்ற ஹிரோ என்னும் கள்ளர் தெய்வத்தைத் தடுக்கும் பொருட்டு, பாயி என்னும் வீரன் தாகித்தியிலிருந்து எறிந்த ஈட்டி துளைத்த வடு அது என்று பழங்கதை கூறும். இக்கதையை அறியாதவனுக்கு அம்மலை வெறும் கல். அறிந்தவனுக்கோ அது மலையைக் காத்த வீரத்தின் சின்னம். கதை அறிந்து எடுத்த படத்திற்கு உயிர் மிகுதி என்பதில் ஐயமில்லை.

மலையைப் படம் பிடிக்கக் காலை ஏற்றது என்றால், காயலைப் படம் பிடிக்க ஏற்றது எவ்வேளை? இங்கே முறை மாறுகிறது. கதிரவன் உயர எழுந்த பின்னரே காயலின் வண்ணங்கள் வெளிப்படும். வெயில் சாய்ந்து விழும்போது நீரின் மேற்பரப்பு கண்ணாடி போல ஒளியைத் திருப்பிவிடுகிறது. உச்சியிலிருந்து விழும்போதோ ஒளி நீருக்குள் இறங்கி, அடியிலுள்ள வெண்மணலைத் தொட்டு மீள்கிறது. நீர் செந்நிற ஒளியை முதலில் உறிஞ்சிக் கொள்ளும் இயல்பினது. ஆதலின் ஆழமற்ற இடம் இளம்பச்சையாகவும், சற்று ஆழ்ந்த இடம் நீலப்பச்சையாகவும், பவளத்திட்டிற்கு அப்பாலுள்ள ஆழ்கடல் கருநீலமாகவும் காட்சி தருகின்றன. நீர்மேல் மின்னும் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை நிழற்படக் கருவியின் முன்னே பொருத்துவோரும் உண்டு. அக்கண்ணாடி, நீருக்குள் கிடக்கும் பவளத்தையும் தெளிவாகக் காட்டும்.

இனி, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஹவாய்த் தீவுகளை நோக்குவோம். அவற்றுள் ஒன்றாகிய மாவுயித் தீவில் ஹாலேயாகாலா என்னும் எரிமலை 3,055 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அப்பெயருக்குக் 'கதிரவன் இல்லம்' என்பது பொருள். தாய் செய்து விரித்த மரப்பட்டைத் துணி உலர்வதற்குள் கதிரவன் விரைந்து மறைந்து வந்தானாம். அதனைப் பொறாத மாவுயி என்னும் வீரமகன் இம்மலைமேல் ஏறிக் கதிரவனைக் கயிற்றால் பிணித்து, மெல்லச் செல்லுமாறு பணித்தானாம். இவ்வாறு அத்தீவின் மக்கள் கதை கூறுவர்.

அம்மலை உச்சியில் கதிரவன் எழும் காட்சி உலகப் புகழ் வாய்ந்தது. விடியற்குமுன் அங்கே குளிர் உடலை நடுக்கும். காலடியில் முகில்கள் பஞ்சுப் பொதிகளாய்ப் பரந்து கிடக்கும். கீழ்வானம் வெளுத்துச் சிவந்து பொன்னிறம் பூண, முகிற்கடலைக் கிழித்துக் கொண்டு கதிரவன் எழுவான். உடனே, இருண்டு கிடந்த எரிமலைப் பள்ளம் செம்மையும் பழுப்பும் சாம்பலுமாகப் பல நிறங்காட்டி விழித்தெழும். வெப்பமண்டலத்தில் விடியற்பொழுது நீள்வதில்லை. சில நிமிடங்களில் அனைத்தும் முடிந்துவிடும். ஆதலின் அக்காட்சியை நாடிச் சென்றோர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நெருங்கி முட்டினர். நிறுத்த இடமின்றி வண்டிகள் வழியெங்கும் நின்றன. நல்லிடம் தேடியோர் பாதையை விட்டு விலகி நிலத்தை மிதித்தனர். 2017ஆம் ஆண்டிலிருந்து, விடியற்காலம் 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே அங்குச் செல்லும் வண்டிகள் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

பாதையை விட்டு விலகுவதால் என்ன கேடு நேரும் என்று சிலர் எண்ணக்கூடும். அம்மலையில் 'வெள்ளிவாள்' என்று பொருள்படும் பெயருடைய செடி ஒன்று வளர்கிறது. வெள்ளி தோய்த்தாற் போன்ற அதன் இலைகள் வெயிலில் மின்னும். அது பல்லாண்டுகள் பூவாமல் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, வித்துதிர்த்து மடிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலையேறியோர் அதனை நினைவுப் பொருளாகப் பிடுங்கிச் சென்றனர், ஆடுமாடுகளும் மேய்ந்தன, இனமே அற்றுப்போகும் நிலை வந்தது. பின்னர்ச் சட்டத்தின் காவலால் அது பிழைத்தது. அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. அருகே ஊன்றும் ஓர் அடியும் அவ்வேர்களை நசுக்கக்கூடும். படம் பிடிப்போன் ஒருவன் ஓரடி விலகி நிற்பது அவனுக்கு ஒரு நொடிச் செயல். அச்செடிக்கோ பல்லாண்டு வாழ்வு.

அளவு மீறிய வேட்கையால் ஒரு காட்சியிடம் மூடப்பட்ட வரலாறும் ஹவாயில் உண்டு. ஓவாஹுத் தீவிலுள்ள ஹாயிக்கூப் பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையினர் வானொலி நிலையம் ஒன்றை அமைத்தனர். கம்பிகளை மலைமுகட்டிற்குக் கொண்டு செல்ல அவர்கள் இட்ட ஏணிவழி, பிற்காலத்தில் 3,900க்கும் மேற்பட்ட உலோகப் படிகளாக உருப்பெற்றது. கத்தி முனை போன்ற மலைவிளிம்பில், முகிலுக்குள் ஏறி மறையும் அப்படிகளை மக்கள் 'விண்ணுலக ஏணி' என்று அழைத்தனர். 1987ஆம் ஆண்டிலேயே அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ஆயினும் அதன் படங்கள் உலகெங்கும் பரவப் பரவ, நேரில் சென்று அதே படத்தைத் தாமும் எடுக்க விரும்பியோர் தொகை பெருகிற்று. இரவிலே வேலி தாண்டினர். அடிவாரத்து இல்லங்களின் தோட்டங்களில் நுழைந்தனர். இடையில் சிக்கியோரை மீட்புப் படையினர் சென்று மீட்க நேர்ந்தது. அப்பகுதி மக்கள் உறக்கம் இழந்து முறையிட்டனர். 2021ஆம் ஆண்டில் படிகளை அகற்றுமாறு நகர மன்றம் தீர்மானித்தது. 2024ஆம் ஆண்டில் அப்பணி தொடங்கிற்று. படிகளைக் காக்க வேண்டும் என்று வாதிட்டோரும் இருந்தனர், வழக்குகளும் எழுந்தன. எனினும், படிகளுக்கு இந்நிலை வரக் காரணம் என்ன? தனக்கொரு படம் கிட்டினால் போதும் என்று ஒவ்வொருவரும் எண்ணியதே யன்றோ?

அதே தீவில், கேட்டிலிருந்து மீண்ட இடம் ஒன்றும் உள்ளது. அதுவே ஹனௌமா விரிகுடா. பழைய எரிமலை வாய் ஒன்றின் ஒரு பக்கம் உடைந்து, கடல்நீர் உட்புகுந்ததால் அமைந்தது அது. மேலே நின்று பார்த்தால், பிறை வடிவான மணற்கரையும், நீருக்குள் இருண்டு தோன்றும் பவளத்திட்டுகளும் ஒருங்கே தெரியும். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் ஒன்று அதன் எழிலை உலகிற்குக் காட்டியது. 1967ஆம் ஆண்டில் அது கடல்வாழ் உயிர்களின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கூட்டம் குறையவில்லை. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் அச்சிறு குடாவிற்கு வந்தனர். அவர்கள் பவளத்தின்மேல் ஏறி நின்றனர், மீன்களுக்குக் கண்ட உணவையும் இட்டனர், நீர் கலங்கிற்று. பின்னர் அரசினர் விழித்துக் கொண்டனர். வருவோர் தொகைக்கு எல்லை வகுத்தனர். 2002ஆம் ஆண்டில் கல்வி நிலையம் ஒன்றைத் திறந்து, நீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு விளக்கப்படத்தைக் காணுமாறு செய்தனர். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகக் குடா பல திங்கள் மூடிக் கிடந்தது. அப்போது நீரின் தெளிவு மிகுந்ததை ஆய்வாளர் அளந்து கண்டனர். அதன்பின், வாரத்தில் இரு நாட்கள் குடாவிற்கு ஓய்வளிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. உழைத்துக் களைத்த மனிதனுக்கு ஓய்வு வேண்டுவது போலவே, கண்டு களைத்த காட்சிக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது!

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பசிபிக் தீவுகளுக்குச் சுவராய் நிற்பது பவளத்திட்டே. பேரலைகளின் வேகத்தைத் தான் தாங்கி, காயலுக்கு அமைதியையும் கரைக்குக் காவலையும் தருவது அது. அதனைக் கட்டியவையோ மிகச் சிறிய உயிர்கள். பாறை போலத் திரண்ட பவளம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகளே அதற்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் அளவிற்கு மேல் சூடேறினால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. வெப்பம் நீடித்தால் மடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் மோரேயாவைச் சூழ்ந்த பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பல கடல்களிலும் இவ்வெளுப்பு மீண்டும் பரவியிருப்பதாக 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவியலார் அறிவித்தனர். பயணிகள் படம் பிடிக்கும் அதே இரு குடாக்களின் கரைகளில் இன்று ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்து, பவளத்தின் நலிவையும் மீட்சியையும் அளந்து வருகின்றன. கடல் சூடேறுவதை ஒரு பயணி தனியே தடுத்துவிட இயலாது. ஆனால், நலிந்திருக்கும் பவளத்தின்மேல் கால் வைக்காதிருக்க அவனால் இயலும்.

சுவர் என்பது பவளம் மட்டுமன்று. அத்தீவுகளில் வாழும் மக்களின் நல்லெண்ணமும் ஒரு சுவரேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த படம் பிடிப்போர் சிலர், தீவு மக்களைத் தம் விருப்பப்படி உடுத்தி நிறுத்திப் படமெடுத்து, அஞ்சலட்டைகளாக விற்றுப் பொருளீட்டினர். அப்படங்களில் முகம் இருந்தது, பெயர் இல்லை. மலையையும் மரத்தையும் போல மனிதரையும் காட்சிப் பொருளாக்கிய அம்முறை, மனித மாண்பிற்கு ஏற்றதன்று.

பிஜித் தீவின் சிற்றூர்களில் வழங்கும் முறை இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கே ஓர் ஊருக்குள் நுழையும் விருந்தினர், 'யங்கோனா' என்னும் செடியின் வேர்க்கட்டு ஒன்றை ஊர்த்தலைவரிடம் காணிக்கையாக அளித்து, உள்ளே வர இசைவு கேட்க வேண்டும். 'செவுசெவு' என்பது அச்சடங்கின் பெயர். தலையில் தொப்பி அணிதல் ஆகாது; தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும். தலைவர் காணிக்கையை ஏற்றுக்கொண்டு வாழ்த்துரைத்தபின், வந்தவர் அவ்வூரின் விருந்தினர் ஆகிவிடுகிறார். அதன்பின் ஒருவரைப் படம் பிடிக்க விரும்பினால், அவரைக் கேட்டுப் பிடிப்பதே முறை. கேளாமல் எடுத்த படத்தில் மிரண்ட கண்கள் இருக்கும். கேட்டு எடுத்த படத்தில் மலர்ந்த முகம் இருக்கும். இரண்டனுள் எது அழகிது என்று கூறவும் வேண்டுமோ!

பிஜித் தீவு தமிழருக்குப் புதியதன்று. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக 1879ஆம் ஆண்டு முதல் 1916ஆம் ஆண்டு வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அங்குப் பெண்கள் பட்ட துயரை எண்ணியே பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலைப் பாடினார். அத்துயரக் கடலை நீந்திக் கரையேறியோரும் அவர்தம் வழியினரும் 1926ஆம் ஆண்டில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவிப் பள்ளிகளையும் கோயில்களையும் வளர்த்தனர். இன்று நாண்டி நகரில், பல வண்ணக் கோபுரத்தோடு விளங்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், அத்தீவிற்குச் செல்லும் பயணிகள் தவறாது காணும் இடமாகும். நீல வானத்தின் எதிரே நிமிர்ந்து நிற்கும் கோபுரத்தைப் புறத்தே நின்று யாவரும் படம் பிடிக்கலாம். கோயிலின் உள்ளே படம் பிடித்தல் ஆகாது. சிற்றூரின் தலைவாயிலில் தொப்பியைக் கழற்றுவதும், திருக்கோயிலின் வாயிலில் கருவியை மூடி வைப்பதும் ஒரே பண்பின் இரு வடிவங்கள் ஆகும்.

இப்பண்பை ஒரு நாடே சட்டமாக வகுத்திருக்கிறது. பசிபிக் கடலின் மேற்குப் பகுதியிலுள்ள பலாவு, 20,000 மக்கள்கூட இல்லாத சிறிய நாடு. அங்கே நானூற்றுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் தீவுகள், அடிப்புறம் அலைகளால் அரிக்கப்பட்டு, பசுங்காளான்கள் முளைத்தாற் போலக் காயலில் நிற்கின்றன. 2012ஆம் ஆண்டில் அவை உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல், அந்நாட்டில் இறங்கும் ஒவ்வொரு பயணியின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழி முத்திரையிடப்படுகிறது. அந்நாட்டுச் சிறுவர்களின் துணையோடு இயற்றப்பட்ட அது, அச்சிறுவர்களை நோக்கியே பேசுகிறது. அவர்களுடைய தாயகத்திற்குத் தீங்கு செய்யாமல் நடந்துகொள்வதாக வருவோர் அதில் கையொப்பமிட வேண்டும். பாராளும் தலைவராயினும் அங்கே சிறுவர்க்கு வாக்களித்தே உள்ளே செல்ல வேண்டும் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அத்தீவுக் கூட்டங்களுள் ஒன்று 'எழுபது தீவுகள்' எனப்படும். நீலக் காயலில் மரகதங்களை இறைத்தது போன்ற அதன் தோற்றம், பலாவு நாட்டின் அடையாளமாகவே உலகெங்கும் படங்களில் காணப்படுகிறது. ஆனால் அத்தீவுகளில் பயணிகள் கால் வைத்தல் ஆகாது. 1956ஆம் ஆண்டு முதல் அப்பகுதி பறவைகளுக்கும் கடலாமைகளுக்கும் உரிய காப்பிடமாக விளங்குகிறது. வானூர்தியில் மேலே பறந்தவாறு மட்டுமே அதனைக் கண்டு படம் பிடிக்கலாம். எண்ணற்ற படங்கள் எடுக்கப்பட்டும் அதன் எழில் சிறிதும் குன்றவில்லை. தொடாமல் காண்பதால் காட்சி தேய்வதில்லை என்னும் உண்மைக்கு அதுவே சான்று.

எனவே, அழகிய இடம் எது என்று தேடிச் செல்வோர், அறிந்துகொள்ள வேண்டுவன சில உள. காலையில் மலையையும், நண்பகலில் நீரையும் நோக்குதல் வேண்டும். ஓடிச் சென்று ஒன்பது இடங்களைப் படம் பிடிப்பதினும், ஓரிடத்தில் பொறுத்திருந்து ஒளி மாறுவதைக் காணுதல் நன்று. வேலி கண்ட இடத்தில் நிற்றல் வேண்டும். பவளத்தை மிதித்தல் ஆகாது. மனிதரைப் படம் பிடிக்கும் முன் இசைவு கேட்டல் வேண்டும். கருவியைக் கையிலெடுப்பதற்கு முன், வெறுங்கண்ணால் சிறிது நேரம் காட்சியில் தோய்ந்திருத்தல் வேண்டும். நெஞ்சில் பதியாத காட்சி தாளில் பதிந்தும் பயனில்லை.

ஒருவர் எடுத்துச் செல்லும் படத்தால் தீவு எதனையும் இழப்பதில்லை. அவர் விட்டுச் செல்லும் அடிச்சுவட்டினாலேயே அது இழக்கிறது அல்லது வாழ்கிறது. இன்று அங்குள்ள குழந்தை, நாளை வளர்ந்து அதே மேட்டில் நின்று, அதே மலையையும் அதே நீலக் காயலையும் அலை உடையும் அதே வெண்வளையத்தையும் காண வேண்டும். அதற்கு இடம் வைத்துப் படம் பிடிப்பவனே காட்சியைக் காணத் தெரிந்தவன் ஆவான்.